வைத்தியர் சாமுவேல் கிறீன்

தாய்மொழியின்பால் ஒருவர் அன்புடையராதல் இயல்பு. கடல் கடந்து வந்த ஒருவர் பிறர் மொழியை முயன்று கற்று, அம்மொழியில் இல்லாத சாஸ்திர நூல்களை ஆக்கி அளித்தலோ அரிதினும் அரிது. அவ்வரிய தொண்டினைத் தமிழுக்குச் செய்தவர் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் ஆவர்.

இவர் அமெரிக்க நாட்டில், மாசசூசெற்ஸ் மாகாணத்து ஊஸ்டர் நகரில் 1822-ஆம் ஆண்டு பிறந்தார். நியூயார்க்கில் வைத்தியம் பயின்று 1845-இல் பட்டம் பெற்றார். அமெரிக்க மிஷனால் அனுப்பப்பெற்று 1847-இல் யாழ்ப்பாணம் அடைந்தார். மறு ஆண்டு மானிப்பாயில் அமர்ந்து, நோயாளரைப் பேணவும் மாணாக்கர்க்கு வைத்தியம் கற்பிக்கவும் தொடங்கினார்.

முதலில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். கற்றோர் பலர் அரசாங்க உத்தியோகம் நாடி வெளியூர் ஏகினர். கிராமத்து நோயாளியோ முன்போலவே துணையின்றி இருந்தான். இதனைக் கண்ட கிறீன், தாயகம் சென்று 1862-இல் மீண்டும் வந்தபின், தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார். ஆங்கிலத்திற்கே மதிப்பிருந்த அந்நாளில் இது பலர்க்கு உவப்பாயில்லை. எனினும் அவர் பின்வாங்கினாரல்லர்.

கற்பிக்க நூல் வேண்டுமன்றோ? உடற்கூறும் உடற்றொழிலும் கூறும் நூலொன்றை அவர் 1852-இலேயே தமிழாக்கியிருந்தார். பின்னர் இரண வைத்தியம் 1867-இலும், மனுஷ அங்காதிபாதம் 1872-இலும், இரசாயனம் பற்றிய கெமிஸ்தம் 1875-இலும் வெளிவந்தன. மாணாக்கர் சிலரும் இப்பணியில் துணைநின்றனர். தக்க தமிழ்ச் சொல் கிடைப்பின் அதனையே கொள்வார். இன்றேல் வடசொல்லை நாடுவார். அதுவும் இன்றேல் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஓசைக்கு இணங்க அமைப்பார்.

உடல் நலங்குன்றி 1873-இல் தாயகம் திரும்பியும் அவர் எழுதுகோலை வைத்தாரில்லை; தமிழ்ப் படிகளைத் திருத்தியே வந்தார். அவரிடம் பயின்று வைத்தியரானோர் அறுபதின்மருக்கு மேலாவர். 1884-ஆம் ஆண்டு மே மாதம் ஊஸ்டரில் அவர் உயிர் நீத்தார். தமிழருக்கு வைத்திய ஊழியம் செய்தவர் என்னும் குறிப்பே அவர் விரும்பியவாறு கல்லறையில் பொறிக்கப்பட்டது. மானிப்பாய் வைத்தியசாலை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

மேட்டூரில் இரசாயனத் தொழிற்சாலைகளின் புகைபோக்கிகளைக் கண்டு வளர்ந்தவன் யான். கெமிஸ்தம் என்னும் பெயரை முதன்முதற் கேட்டபொழுது எனக்கு நகைப்பே உண்டாயிற்று. குளோரின், காஸ்டிக் சோடா என்பன எங்கள் ஊரார் நாவில் நாளும் வழங்குவன. ஆயினும் அவை நுரையீரலையும் தோலையும் யாது செய்யுமென்று தமிழில் தெளிவுறச் சொல்லும்படி என் அண்டைவீட்டு முதியவர் ஒருவர் கேட்டபொழுது, தமிழ் பயிலும் யான் வாயடைத்து நின்றேன். நகைப்பு ஒழிந்து நாணம் வந்தது.

எங்கள் சேலத்தில் இராஜகோபாலாச்சாரியார் முதலியோர் கலைச்சொல் ஆக்கச் சங்கம் கண்டது 1916-இல். அதற்கு அரை நூற்றாண்டு முன்னரே அயல்நாட்டார் ஒருவர் வழிகாட்டிச் சென்றனர். இலக்கியம் பயில்வோரும் விஞ்ஞானம் பயில்வோரும் ஒருங்கமர்ந்து அவ்வழியில் நடத்தலே நாம் அப்பெரியாருக்குச் செலுத்தும் கடனாகும்.