செடிகளின் உறவைத் தேடிய ஜானகி அம்மாள்

தோற்றத்தில் ஒத்திருக்கும் இரண்டு செடிகள் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவைதாமா? இக்கேள்விக்கு இன்றைய அறிவியலாளர்கள் டிஎன்ஏ சோதனையின்வழி விடை காண்கின்றனர். அச்சோதனை வருவதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்பே, டிஎன்ஏவைத் தாங்கியிருக்கும் குரோமோசோம்களை எண்ணிச் செடிகளின் உறவை ஆராய்ந்தவர் ஜானகி அம்மாள்.

இவர் 1897ஆம் ஆண்டு கேரளாவிலுள்ள தலச்சேரியில் பிறந்தார். பெண்கள் பலர் பள்ளிக்கே செல்லாத காலம் அது. சகோதரிகள் மணம் முடித்துச் சென்றபோது, ஜானகி கல்வியைத் தேர்ந்தெடுத்தார். சென்னையில் தாவரவியல் பயின்றபின், உதவிச் சம்பளம் பெற்று அமெரிக்கா சென்றார். 1931இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார்.

1934இல் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பணியில் சேர்ந்தார். அங்கு இனிப்பான கரும்பையும் அதற்கு உறவான காட்டுப் புற்களையும் நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். இனிப்புக் கரும்பில் 80 குரோமோசோம்கள் உள்ளன. காட்டுக் கரும்பிலோ அவ்வெண்ணிக்கை 40 முதல் 128 வரை மாறுபடுகிறது. எதை எதனோடு கலந்தால் புதிய வகை உருவாகும் என்பதை அறிய இத்தகைய கணக்கு உதவியது. ஆயினும், ஆண்கள் நிறைந்த அந்நிலையத்தில், மணமாகாத பெண் என்பதாலும் சாதியாலும் அவர் பல இன்னல்களுக்கு ஆளானார்.

பின்னர் இங்கிலாந்து சென்றார். இரண்டாம் உலகப் போரின்போதும் அவரது ஆய்வு நிற்கவில்லை. 1945இல் டார்லிங்டன் என்னும் அறிஞருடன் இணைந்து, பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் எண்ணிக்கைகளைத் தொகுத்து நூலாக வெளியிட்டார். அங்கு அவர் ஆராய்ந்த மக்னோலியா மலர்களுள் ஒரு வகை இன்றும் அவருடைய பெயரைத் தாங்கி நிற்கிறது.

1951இல் பிரதமர் நேருவின் அழைப்பை ஏற்றுத் தாயகம் திரும்பிய அவர், இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையைச் சீரமைக்க உழைத்தார். 1977இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

கேரளாவின் அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டத் திட்டமிட்டபோது, எண்பது வயதைக் கடந்திருந்த ஜானகி அதை எதிர்த்தார். காடு நீரில் மூழ்கினால், இன்னும் ஆராயப்படாத செடிகளும் அழிந்துவிடும் என்பதே அவரது கவலை. அக்காட்டுச் செடிகளின் குரோமோசோம்களைக் கணக்கெடுக்கும் பணியிலும் இறங்கினார்.

1984ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் அவர் மறைந்தார். அதே ஆண்டு நவம்பரில் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அவர் காக்க விரும்பிய செடிகள் இன்றும் அங்கே பூத்துக் குலுங்குகின்றன.