குழந்தைகளின் வயிற்றுப் புழுவும் இப்னு ஸீனாவும்

நமது மத்ரஸாக்களில் ஓதியவர்களுக்கு இப்னு ஸீனா, இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'தஹாஃபுத்துல் ஃபலாஸிஃபா'வில் மறுத்துரைத்த தத்துவவாதியாகவே அறிமுகமாகிறார். அந்த மறுப்பு அகீதா சார்ந்தது. அது அதன் இடத்தில் இருக்கட்டும். பிள்ளைகளின் வயிற்று நோயைக் கவனித்த மருத்துவராக அவரை நாம் அதிகம் அறியவில்லை.

ஹிஜ்ரி 370இல் (கி.பி. 980) புகாராவுக்கு அருகே அஃப்ஷானா கிராமத்தில் பிறந்தார். பத்து வயதில் குர்ஆனை மனனம் செய்துவிட்டார். இந்தியக் கணக்கு முறையைக் கற்றுக்கொண்டது ஒரு காய்கறி வியாபாரியிடம்! பதினேழு வயதளவில், ஸாமானீ வம்ச மன்னர் நூஹ் பின் மன்ஸூருக்குச் சிகிச்சையளித்தார். அதனால் அரண்மனை நூலகம் அவருக்குத் திறந்துவிடப்பட்டது.

பிறகு ஊர் ஊராக அலைச்சல். ஜுர்ஜானில் 'அல்கானூன் ஃபித் திப்' நூலைத் தொடங்கினார். ஐந்து பாகங்கள். 12ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் துலைதுலா நகரில் அது லத்தீனுக்குப் போனது.

அதன் முதல் பாகத்தில் குழந்தை வளர்ப்பு பற்றிய பகுதியில் வயிற்றுப் புழுக்களைச் சொல்கிறார். பிள்ளைகளுக்குச் சிறு புழுக்கள் வரும், அவை பெரும்பாலும் ஆசனவாயைச் சுற்றித் தொல்லை தரும். நீளப் புழுக்களும் வரும். தட்டைப் புழுக்கள் அரிது என்கிறார். இன்று கீரிப்பூச்சி, உருண்டைப்புழு, நாடாப்புழு என்று நாம் சொல்பவற்றோடு இது பொருந்திப் போகிறது. நீளப் புழுவுக்கு, மாசிபத்திரி இனத்தைச் சேர்ந்த ஷீஹ் செடியின் நீரைப் பாலில் சிறிதளவு கலந்து, பிள்ளையின் பலத்துக்கு ஏற்ற அளவில் கொடுக்கச் சொல்கிறார். வயிற்றின் மேல் போடும் பற்றில் காபூல் பிரங்கு சேர்கிறது. அது நம் நாட்டு மருந்துக் கடை வாய்விளங்கம்தான்.

ஆனால் புழு எப்படி உண்டாகிறது என்பதில் அவர் தவறினார். குடலில் தங்கிக் கெட்டுப்போகும் சளியிலிருந்து தானாகவே பிறக்கிறது என்ற கிரேக்கர் கருத்தையே ஏற்றிருந்தார். கண்ணுக்குத் தெரியாத முட்டை மண்ணிலிருந்து விரலுக்கும், விரலிலிருந்து வாய்க்கும் போவதை அறிய அவரிடம் நுண்ணோக்கி இல்லை. இதை மறைப்பதில் நமக்கு எந்தப் பெருமையும் இல்லை.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 ஆகிய குடற்புழு நீக்க நாட்களில் பள்ளியில் அல்பெண்டசோல் மாத்திரை கொடுத்தால், நம் முன்னோர் மருத்துவம் இருக்க இது எதற்கு என்று வேண்டாமெனச் சொல்லும் பெற்றோரை நாம் ஜும்ஆவுக்குப் பின் சந்திக்கிறோம். பிள்ளையின் பலம் பார்த்து மருந்தளவைக் குறைத்த அந்த மனிதரின் பெயரால், சோகை பிடித்த பிள்ளைக்கு மருந்தை மறுப்பது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. நகம் வெட்டுவதும் இஸ்தின்ஜாவுக்குப் பின் கை கழுவுவதும் நம் மார்க்கமே கற்றுத் தந்தவை. அவற்றையாவது ஒழுங்காகச் செய்கிறோமா?

ஹமதானில் ஷம்சுத் தவ்லாவின் கூலஞ்சு எனும் வயிற்றுச் சூலையைக் குணப்படுத்தி அவர் வஸீரானார். படையினர் கலகம் செய்து வீட்டைச் சூறையாடியதால் நாற்பது நாள் ஒளிந்திருந்தார். அமீருக்கு மீண்டும் சூலை வந்ததும் தேடி அழைத்துப் பதவியைத் திருப்பிக் கொடுத்தார்கள். பின்னர் சிறை, அதன்பின் இஸ்ஃபஹான்.

கடைசியில் அதே சூலை அவரையும் பிடித்தது. விரைவில் குணமாக வேண்டி ஒரே நாளில் எட்டு முறை எனிமா வைத்துக்கொண்டார், குடல் புண்ணானது. இனி மருந்து பயன்படாது என்று உணர்ந்ததும் அடிமைகளை உரிமைவிட்டார், சொத்தைத் தர்மம் செய்தார், மூன்று நாளுக்கு ஒருமுறை குர்ஆனை ஓதி முடித்தார். ஹிஜ்ரி 428 (கி.பி. 1037) ரமளானில் ஹமதானில் வஃபாத்தானார். அங்கேயே அடக்கப்பட்டார்.