பாலைவனக் கல்லறைகளின் எழுத்தைப் படியெடுத்த சார்லஸ் டவுட்டி: யார் இவர்?

சவுதி அரேபியாவின் அல்-உலா அருகே இருக்கிறது ஹெக்ரா. மதாயின் சாலிஹ் என்றும் சொல்வார்கள். மணற்பாறைகளில் செதுக்கிய பிரமாண்ட முகப்புகள், வாசலுக்கு மேலே பழங்கால எழுத்துகள். 2008-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த, சவுதியின் முதல் இடம் இது. இங்குள்ள எழுத்துகளுக்காக உயிரையே பணயம் வைத்த ஒருவர் இருக்கிறார்.

கடற்படை வேண்டாம் என்றது

சார்லஸ் டவுட்டி 1843-ல் இங்கிலாந்தில் பிறந்தார். பேச்சுக் குறைபாட்டால் கடற்படையில் இடம் கிடைக்கலை. கேம்பிரிட்ஜில் நிலவியல் படித்தார். 1875-ல் இன்றைய ஜோர்டானில் உள்ள பெட்ராவுக்குப் போனபோது, தெற்கே இதேபோல இன்னொரு இடம் இருப்பதாகக் கேள்விப்பட்டார். பயணத்துக்குப் பண உதவி கேட்டார், அதுவும் கிடைக்கலை. டமாஸ்கஸில் தங்கி அரபி கற்றுக்கொண்டார்.

ஹஜ் பயணிகளோடு

1876 நவம்பரில் ஹஜ் பயணிகளின் ஒட்டகக் கூட்டத்தோடு கிளம்பினார். பெயரை கலீல் என்று வைத்துக்கொண்டார். ஆனா, தான் கிறிஸ்தவர் என்பதை மட்டும் கடைசிவரை மறைக்கவில்லை. அந்தக் காலத்தில் அது உயிருக்கே ஆபத்தான நேர்மை.

ஹெக்ராவில் தங்கி, ஈரக் காகிதத்தைப் பாறையில் அழுத்தி எழுத்துகளைப் படியெடுத்தார். பழங்கால மக்கள் வாழ்ந்த வீடுகள் என்று நம்பப்பட்ட அந்தக் குடைவுகளுக்குள் எலும்புகள் கிடந்தன. அவை கல்லறைகள்!

படிகளை டமாஸ்கஸுக்கு அனுப்பிவிட்டு, அவர் பாலைவனத்துக்குள் போனார். ஹாயில் நகரிலிருந்து விரட்டினார்கள், கைபரில் மாதக்கணக்கில் தடுத்து வைத்தார்கள், தாயிஃப் அருகே கொல்லப் பார்த்தார்கள். 1878 ஆகஸ்டில் உடல் நலிந்து ஜெத்தா வந்து சேர்ந்தார்.

கல் என்ன சொன்னது?

அவர் எடுத்த படிகள் 1884-ல் பாரிஸில் வெளியாகின. பெட்ராவைக் கட்டிய அதே நபாத்தியர்களின் எழுத்துகள் அவை. காலம், சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன். பல கல்வெட்டுகள் நம்ம ஊர் சொத்துப் பத்திரம் மாதிரிதான்: கல்லறை யாருக்குச் சொந்தம், யாரைப் புதைக்கலாம், மீறி விற்றால் எவ்வளவு அபராதம்! இன்றைய அரபி எழுத்தின் வேரும் நபாத்திய எழுத்துதான்.

1888-ல் பயண அனுபவங்களை இரண்டு பெரிய தொகுதிகளாக எழுதினார். அன்று அதிகம் பேர் கண்டுகொள்ளலை. 1921-ல் லாரன்ஸ் ஆஃப் அரேபியா முன்னுரையோடு மறுபதிப்பு வந்த பிறகுதான் பெயர் பரவியது. அப்போது டவுட்டிக்கு வயது 78. ஐந்தே வருடத்தில், 1926-ல் காலமானார்.