தன்னை வினவிய தவமுனிவர்

கவலை இல்லாத மாந்தர் உலகில் மிகச் சிலரே. உழவர்க்கு மழையைப் பற்றிய கவலை. வணிகர்க்கு ஊதியத்தைப் பற்றிய கவலை. மாணவர்க்குத் தேர்வைப் பற்றிய கவலை. கவலைக்குக் காரணமான பொருள் ஒழிந்தால் கவலையும் ஒழியும் என்று நாம் எண்ணுகிறோம். ஆயின், ஒன்று ஒழிய மற்றொன்று வந்து நிற்பதை நாள்தோறும் காண்கிறோம். கவலையை ஆராய்வதை விடுத்து, கவலைப்படுபவன் யாவன் என்று ஆராய்ந்து, அழியா அமைதி பெற்ற பெரியார் ஒருவர் நம் தமிழகத்தில் வாழ்ந்தார். அவரே திருவண்ணாமலை இரமண முனிவர்.

இவர் 1879ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 30ஆம் நாள், இன்று விருதுநகர் மாவட்டத்திலுள்ள திருச்சுழி என்னும் ஊரில் தோன்றினார். தந்தையார் சுந்தரம் ஐயர்; வழக்குரைக்கும் தொழிலினர். தாயார் அழகம்மை. பெற்றோர் இட்ட பெயர் வேங்கடராமன் என்பதாம். தொடக்கக் கல்வியைப் பிறந்த ஊரில் முடித்த வேங்கடராமன், 1891ஆம் ஆண்டு மேற்கல்வியின் பொருட்டுத் திண்டுக்கல்லுக்கு அனுப்பப்பெற்றார்.

சிறுமலைக்கும் பழனி மலைத்தொடருக்கும் இடைப்பட்ட சமவெளியில் அமைந்த நகரம் திண்டுக்கல். ஊருக்குப் பெயர் தந்த பெரும்பாறையும், அதன்மேல் விளங்கும் கோட்டையும் தொலைவிலிருந்தே தோன்றும். உறுதியான பூட்டுகளுக்கும் பெயர் பெற்ற ஊர் அது. அங்கே உறவினர் இல்லத்தில் தங்கிச் சிறுவர் ஓராண்டு பயின்றார்.

அந்நாளில் நிகழ்ந்த ஒரு செய்தி குறிப்பிடத்தக்கது. ஒருநாள் வீட்டிலுள்ளார் அனைவரும் கோயிலில் நடைபெற்ற விழாவிற்குச் சென்றிருந்தனர். தனித்திருந்த வேங்கடராமன் சிறிது நேரம் படித்துவிட்டுக் கதவையும் சாளரங்களையும் அடைத்துத் தாழிட்டு உறங்கிப் போனார். சென்றவர் திரும்பி வந்து கதவைத் தட்டினர்; உரக்கக் கூவினர்; பயனில்லை. ஒருவாறு கதவைத் திறந்து உட்புகுந்து, சிறுவரை உலுக்கினர், அடிக்கவும் செய்தனர். அப்போதும் அவர் விழித்திலர். தாம் அடிபட்ட செய்தியை மறுநாட் காலையில் பிறர் சொல்லக் கேட்டே அவர் அறிந்தார்!

இந்நிகழ்ச்சி நகைப்புக்குரியதாகத் தோன்றினும் சிந்தனைக்கும் உரியது. ஆழ்ந்த உறக்கத்தில் நம்மை எக்கவலையும் அணுகுவதில்லை. ஆனால் விழித்தவுடன், ‘நான்’ என்னும் நினைவு எழுகின்றது; அதன் பின்னே கவலைகள் யாவும் வரிசையாக வந்து சேர்கின்றன. உறக்கத்தில் பெறும் அவ்வமைதியை விழிப்பிலும் பெறுதல் கூடுமோ? இவ்வினாவிற்கு விடையாக அமைந்தது அச்சிறுவரின் பிற்கால வாழ்க்கை.

1892ஆம் ஆண்டு தந்தையார் காலமானார். குடும்பம் பிரிய நேர்ந்தது. வேங்கடராமன் தம் தமையனாருடன் மதுரையில், தந்தையாரின் உடன்பிறந்தாராகிய சுப்பையரின் இல்லத்தில் வளர்ந்தார். ஸ்காட் நடுநிலைப் பள்ளியிலும், பின்னர் அமெரிக்க மிஷன் உயர்நிலைப் பள்ளியிலும் பயின்றார். விளையாட்டில் விருப்பமும் வலிய உடலும் உடையவர். படிப்பில் பெருநாட்டம் உடையவர் அல்லர்.

1896ஆம் ஆண்டு ஜூலைத் திங்களின் நடுவில், அவர் பதினாறு வயதினராய் இருந்தபோது, மாடியறையில் தனியே அமர்ந்திருந்தார். உடலில் நோய் ஒன்றும் இல்லை. எனினும், இறந்துவிடப் போகிறோம் என்னும் பேரச்சம் திடீரென அவரைப் பற்றியது. அவர் அலறவில்லை, ஓடவும் இல்லை. இறப்பது எது என்று காணத் துணிந்தார். பிணம்போல் கைகால்களை நீட்டிப் படுத்தார், இதழ்களை மூடினார், மூச்சை அடக்கினார். உடல் சுடுகாட்டிற் சாம்பலானால் ‘நான்’ என்பதும் சாம்பலாகுமோ என்று தம்முள் வினவினார். உடல் அசைவற்றுக் கிடப்பினும், உள்ளே ‘நான்’ என்னும் உணர்வு ஒளிர்வதை நேரே உணர்ந்தார். அன்று அகன்ற அச்சம் மீண்டும் அவரை அணுகவேயில்லை.

அதன்பின் பள்ளிப் படிப்பில் அவர் மனம் பொருந்தவில்லை. அவ்வாண்டு ஆகஸ்டு 29ஆம் நாள், தண்டனையாக எழுதப் பணிக்கப்பட்ட இலக்கணப் பாடத்தை எழுதிக்கொண்டிருந்தவர், அதனைத் துறந்து கண்மூடி அமர்ந்தார். தமையனார் கடிந்துரைத்தார். அக்கடுஞ்சொல்லில் உண்மை இருப்பதை உணர்ந்த வேங்கடராமன், திருவண்ணாமலை செல்ல உறுதி பூண்டார். தமையனாரின் கல்லூரிக் கட்டணத்திற்காகத் தம்மிடம் தரப்பட்ட ஐந்து ரூபாயில் வழிச்செலவிற்கு மூன்று ரூபாய் மட்டும் எடுத்துக்கொண்டார். எஞ்சிய இரண்டு ரூபாயையும் ஒரு கடிதத்தையும் வைத்துவிட்டுப் புறப்பட்டார். அக்கடிதம் ‘நான்’ எனத் தொடங்கி, பின்னர்த் தம்மை ‘இது’ எனக் குறித்து, கையெழுத்தின்றி வெறுங்கோட்டுடன் முடிந்திருந்தது. இரயிலேறியும் கால்நடையாக நடந்தும், செப்டம்பர் முதல் நாள் அவர் அண்ணாமலையை அடைந்தார்.

கோயிலிலும் தோப்புகளிலும் மலைக்குகைகளிலும் பல்லாண்டுகள் மௌனமாய் வாழ்ந்தார். வருவாய்த் துறையில் அலுவல் பார்த்த சிவப்பிரகாசம் பிள்ளை என்பார், 1901-02ஆம் ஆண்டளவில் விருபாட்சிக் குகையில் அவரைக் கண்டு பல வினாக்களை விடுத்தார். இளமுனிவர் எழுதிக் காட்டிய விடைகளே 1923இல் ‘நான் யார்?’ என்னும் சிறுநூலாக வெளிவந்தன. 1907ஆம் ஆண்டு அவரைக் கண்டு தெளிவு பெற்ற வடமொழிப் புலவர் கணபதி சாத்திரியார், அவருக்கு இரமண மகரிஷி என்னும் பெயரை வழங்கினார்.

அவர் காட்டிய நெறி மிக எளிது. மனத்தில் ஒரு நினைவு எழுந்தால் அதன் பின்னே ஓடுதல் ஆகாது. இந்நினைவு யாருக்கு எழுந்தது என்று வினவுதல் வேண்டும். எனக்கு என்னும் விடை தோன்றும். அந்த ‘நான்’ யார் என மனத்தை உள்முகமாகத் திருப்பினால், எழுந்த நினைவு தானே அடங்கும். மீண்டும் எழுந்தால் மீண்டும் வினவுதல் வேண்டும். மனம் அலைந்து திரிந்தால், மூச்சின் போக்கைக் கவனித்திருப்பதும் அதனை ஒருவாறு அடக்கத் துணைசெய்யும். இதற்கு வீட்டையும் தொழிலையும் துறக்க வேண்டுவதில்லை என்பதே அவர்தம் கொள்கை. துறவு பூண விரும்பி வந்த இல்லறத்தார் பலரை, இல்லத்தில் இருந்தே முயலுமாறு அவர் அறிவுறுத்தினார்.

அவ்வமைதி துன்பத்தின் நடுவிலும் குலையாது நின்றது. 1924ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாள் இரவு, மலையடிவாரத்து ஆசிரமத்தில் கள்வர் புகுந்தனர். வேண்டியவற்றை எடுத்துச் செல்லுமாறு முனிவர் இசைந்தும், அவர் தொடையில் அடித்தனர். எதிர்த்துத் தாக்க முனைந்த அன்பரை அவர் தடுத்தார். அடிபட்ட ஏனையோருக்கு மருந்திடச் செய்தார். சினமும் அச்சமும் அவர்பால் தோன்றவில்லை.

அமைதி என்பது சோம்பல் அன்று. உலகம் போற்றும் முனிவராய் விளங்கிய காலத்தும் அவர் விடியுமுன் எழுந்து அடுக்களையில் காய்கறி நறுக்கினார், உண்கலமாக இலை தைத்தார், செய்தித்தாள் படித்தார். ஆங்கில எழுத்தாளர் பால் பிரண்டன் 1931இல் வந்து கண்டு எழுதிய நூலால் மேலைநாட்டாரும் அவரை அறிந்தனர். ஆயினும் அவர் எளிமை மாறவில்லை. 1949ஆம் ஆண்டு இடக்கையில் கொடிய கட்டி தோன்றியபோது மருத்துவர்கள் நான்கு முறை அறுவை செய்தனர். மருத்துவத்தை அவர் மறுக்கவில்லை. நோவைக் கண்டு கலங்கவும் இல்லை. 1950ஆம் ஆண்டு ஏப்பிரல் 14ஆம் நாள் இரவு அவர் பூதவுடல் நீத்தார்.

மாணவர்களே! தேர்வு நெருங்கும்போதும், பிறர் சொல் உள்ளத்தைச் சுடும்போதும் சிறிது நேரம் தனியே அமருங்கள். மூச்சு வருவதையும் போவதையும் கவனியுங்கள். இக்கலக்கம் யாருக்கு என்று உங்களையே வினவுங்கள். கலக்கம் வேறு, அதனைக் காணும் நீங்கள் வேறு என்பது மெல்லப் புலனாகும். பின்னர் எழுந்து உங்கள் கடமையைச் செய்யுங்கள். துயரம் நீங்காது தொடருமாயின் பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் கூறி, வேண்டின் மருத்துவரை நாடத் தயங்காதீர்கள். திண்டுக்கல்லில் உறங்கிக் கிடந்த சிறுவர், விழிப்பிலேயே அமைதி காணும் வழியை உலகிற்குக் காட்டினார். அவ்வழி நம் அனைவருக்கும் பொதுவானது.