தமிழில் வைத்தியம் படிப்பித்த கிரீன்: ஊரைவிட்டுப் போகாத வைத்தியர்களைத் தேடிய ஒருவர்

நெடுந்தீவில் நோய்வாய்ப்படும் ஒருவருக்குத் தீவில் கிடைப்பதைவிடக் கூடுதலான சிகிச்சை தேவைப்பட்டால், முதலில் குறிகட்டுவான் இறங்குதுறைவரை கடலைக் கடக்க வேண்டும். அங்கிருந்து புங்குடுதீவு, வேலணை, பண்ணை வழியாக யாழ்ப்பாண நகரத்துக்கு வர வேண்டும். அதே தீவுப்பகுதியில் தமிழில் உயர்தரம் படித்த ஒரு பிள்ளை பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பல்மருத்துவ பீடத்துக்குத் தெரிவானால், அதுவரை தமிழில் படித்த அறிவியல் முழுவதையும் ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். பட்டம் பெற்ற பின் அந்தப் பிள்ளை ஊருக்குத் திரும்புமா என்பது வேறொரு கேள்வி.

படிக்கும் மொழி, படித்தவர் தங்கும் இடம் என்ற இவ்விரண்டு கேள்விகளையும் நூற்று அறுபது வருடங்களுக்கு முன்பே ஒன்றாக வைத்துப் பார்த்தவர் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிரீன். மானிப்பாய் கிரீன் ஞாபகார்த்த வைத்தியசாலையின் பெயரில் இருக்கும் கிரீன் இவர்தான்.

கிரீன் 1822 ஒக்டோபர் 10 அன்று அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில் பிறந்தார். நியூயோர்க் நகரத்தை வடிவமைத்த முன்னோடிகளில் ஒருவரான அன்ட்ரூ ஹஸ்வெல் கிரீன் இவருடைய சகோதரர். நியூயோர்க்கில் வைத்தியம் படித்து 1845 இல் பட்டம் பெற்ற சாமுவேல், அமெரிக்க மிஷன் சார்பில் 1847 இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். முதலில் வட்டுக்கோட்டையில் இருந்தார். அடுத்த வருடமே மானிப்பாய்க்கு மாறினார்.

இலங்கைக்கு மேற்கத்தைய வைத்தியத்துடன் வந்த முதல் மிஷனரி அவரல்லர். ஜோன் ஸ்கடர் 1820 அளவிலேயே பண்டத்தரிப்பில் நோயாளிகளைப் பார்த்தார். கிரீனைத் தனித்துக் காட்டுவது, வைத்தியம் பார்த்ததோடு நில்லாமல் வைத்தியர்களை உருவாக்கத் தொடங்கியதுதான். 1848 இல் மானிப்பாயில் ஒரு சில மாணவர்களுடன் வகுப்பு ஆரம்பமானது. கொழும்பு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது 1870 இல். அதற்கு 22 வருடங்களுக்கு முன்பே யாழ்ப்பாணக் கிராமம் ஒன்றில் உடற்கூறும் சத்திரசிகிச்சையும் படிப்பிக்கப்பட்டன.

அந்த முதற் காலத்து வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தது. மாணவர்கள் வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்து ஆங்கிலம் தேர்ந்தவர்கள். யாழ்ப்பாண நகரத்தில் 1850 இல் அரசாங்க அதிபர் பேர்சிவல் டைக்கின் முயற்சியால் உருவான வைத்தியசாலையிலும் கிரீனிடம் படித்தவர்கள் வேலை செய்தார்கள். இன்றைய போதனா வைத்தியசாலையின் தொடக்கம் அதுதான்.

ஆனால் வருடங்கள் போகப்போக ஒரு விடயம் கிரீனை உறுத்தியது. ஆங்கிலத்தில் வைத்தியம் படித்தவருக்கு அரசாங்க உத்தியோகம் காத்திருந்தது. சம்பளமும் மதிப்பும் ஊருக்கு வெளியே இருந்தன. படிப்பித்து முடிக்கும்போது மாணவன் யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட்டுவிடுவான். கிராமங்களுக்கும் கடலுக்கு அப்பாலிருந்த தீவுகளுக்கும் எட்டிய வைத்தியம் முன்பிருந்த அளவிலேயே நின்றது.

1857 இல் தாயகம் சென்ற கிரீன், மார்கரெட் பெல்ப்ஸ் வில்லியம்ஸைத் திருமணம் செய்து 1862 இல் திரும்பி வந்தார். 1864 இல் மானிப்பாய் வகுப்பைத் தமிழுக்கு மாற்றினார். தமிழில் படித்தவர் தமிழ் மக்களிடையே தங்கி வேலை செய்வார் என்பது அவரது கணக்கு. இதற்கு எதிர்ப்பும் இருந்தது. பிள்ளையை ஆங்கிலம் படிப்பித்து உத்தியோகத்துக்கு அனுப்ப விரும்பிய பெற்றோருக்குத் தமிழ் வகுப்பு ஒரு படி இறக்கமாகவே தெரிந்தது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. அன்றைய யாழ்ப்பாணத்தில் வறுமையிலிருந்து வெளியேறும் கதவு ஆங்கிலத்தின் பக்கமே திறந்திருந்தது.

தமிழில் படிப்பிக்கப் புத்தகம் வேண்டும். கல்வின் கட்டர் எழுதிய உடற்கூற்று நூலை 1852 இலேயே கிரீன் தமிழில் கொண்டுவந்திருந்தார். 1857 இல் மோன்செலின் பிரசவ வைத்தியம், 1867 இல் துருவித்தரின் இரண வைத்தியம், 1872 இல் கிரேயின் உடற்கூற்று நூலான மனுஷ அங்காதிபாதம், அதே வருடம் வைத்தியாகரம், 1875 இல் இரசாயனத்துக்குக் கெமிஸ்தம், 1883 இல் மனுஷ சுகரணம் என்று வரிசை நீண்டது. எல்லாம் சேர்ந்து 4,000 பக்கங்களைத் தாண்டும். டன்வோர்த், சப்மன் போன்ற அவரது மாணவர்கள் மொழிபெயர்ப்பில் பங்குகொண்டார்கள். ஆசிரியர் திருத்தினார்.

கலைச்சொல்லுக்கு அவர் ஓர் ஒழுங்கு வைத்திருந்தார். தமிழில் சொல் இருந்தால் அதை எடுப்பது. இல்லையென்றால் சமஸ்கிருதத்தில் தேடுவது. அங்கும் பொருந்தாவிட்டால் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஓசைக்கு வளைப்பது. கெமிஸ்தம் என்ற சொல் அப்படிப் பிறந்தது. இன்றைக்கு அந்தப் பக்கங்களைப் படிப்பவருக்கு வடசொற்களின் பாரம் கனக்கும். ஆனாலும் எலும்பு, நரம்பு, பல் என்று உடம்பின் ஒவ்வோர் உறுப்புக்கும் மாணவனுக்கு விளங்கும் பெயர் தேட வேண்டும் என்ற பிடிவாதம் அவற்றில் தெரியும்.

கிரீன் ஒரு மிஷனரி. நோயாளிக்கு மருந்தோடு மதப் போதனையும் கிடைத்தது. நாட்டு வைத்தியத்தை அவர் உயர்வாக மதித்தவரும் அல்லர். ஆனால் கிறிஸ்தவராக மாறிய தமிழர் உடையிலும் பழக்கத்திலும் ஆங்கிலேயராக மாறுவதை அவர் விரும்பவில்லை.

1873 இல் உடல்நலம் குன்றி ஊர் திரும்பினார். வூஸ்டரில் இருந்தபடியே யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தமிழ்க் கையெழுத்துப் பிரதிகளைத் திருத்தி அனுப்பினார். 1884 மே 28 அன்று இறந்தார். தமிழருக்கு வைத்தியப் பணி செய்த மிஷனரி என்பது தன் கல்லறைக் கல்லில் இருக்க வேண்டும் என்பது அவர் விருப்பமாக இருந்தது.

அவர் உருவாக்கிய வைத்தியர்கள் 62 பேர். அவர்களில் 33 பேர் தமிழில் படித்தவர்கள். அவருக்குப் பின் தமிழ் வழி வைத்தியக் கல்வி நிலைக்கவில்லை. அரசாங்கம் கொழும்பில் ஆங்கில வழிக் கல்லூரியை வளர்த்தது. வைத்திய உத்தியோகத்துக்கான பாதை அதன் வழியே போனது. தமிழில் படித்தவர் முன்னேற ஓர் ஏணி இல்லாதபோது புத்தகங்கள் மட்டும் போதவில்லை. கிரீனின் முயற்சி தோற்ற இடம் அதுதான்.

உலகெங்கும் வெளியாகும் ஆய்வுகளைப் படிக்க இன்றைய பல்மருத்துவ மாணவருக்கு ஆங்கிலம் வேண்டும். ஆனால் கிரீன் கேட்ட கேள்வியின் பாதி இன்னும் மிச்சமிருக்கிறது. முரசு வீங்கியிருக்கிறது, கடைவாய்ப்பல் குத்துகிறது என்று தீவிலிருந்து வரும் அம்மா சொல்லப்போவது தமிழில்தான். நோயையும் சிகிச்சையையும் வைத்தியர் அவருக்கு விளக்க வேண்டியதும் தமிழில்தான். அதற்கான சொற்களைப் படிப்பின்போதே மாணவருக்குக் கொடுப்பதும், தீவுகளில் வேலை செய்ய வருபவர் அங்கே தங்குவதற்கு வீடு, போக்குவரத்து, பதவி உயர்வு என்று காரணங்களை உண்டாக்குவதும் இன்றைக்கும் செய்யக்கூடியவை.