கலாயோகியின் கடிதங்கள்

கலாயோகி ஆனந்த குமாரசுவாமி அவர்களின் பெயரை அறியாதார் நம்முள் இலர். நடராச வடிவத்தின் உட்பொருளை மேனாட்டார்க்கு விளக்கிய பேரறிஞர் அவர். எனினும் அவர் எழுதிய கடிதங்களைப் பற்றி நம் வாலிபர் பலர் கேள்வியுற்றிரார்.

1877ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 22ஆந் திகதி கொழும்பிற் பிறந்தார். தந்தையார் சேர் முத்துக்குமாரசுவாமி. சேர் பொன்னம்பலம் இராமநாதனுக்குத் தாய்மாமனார். தாயார் எலிசபெத் என்னும் ஆங்கில மாது. குழந்தைக்கு இரண்டு வயது நிறையுமுன்னரே தந்தையார் காலமானார். ஆகவே, வளர்ந்ததும் கற்றதும் இங்கிலாந்தில். கற்றதோ கலையன்று, மண்ணியலும் தாவரவியலும்!

1903இல் கனிப்பொருள் ஆய்வுப் பகுதிக்குத் தலைவராய் இலங்கைக்கு மீண்டார். கல்லைத் தேடி மலைநாட்டில் அலைந்தவர் கண்ணிற் பட்டவை வேறு. கண்டிப் பகுதியின் பழைய விகாரைகளும் தேவாலயங்களும் பேணுவாரின்றிச் சிதைந்தன. சில இடங்களிற் புதுப்பித்தல் என்ற பெயரால் அழகு அழிந்தது. பரம்பரைக் கைவினைஞர் வேலையின்றி வாடினர். உள்ளம் பொறாது 1905இல் கண்டிப் பிரதானிகளுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் வரைந்தார். அரசாங்கத்தை மட்டும் நொந்துகொள்ளாமல், பொறுப்பு உங்களதே என்று ஊர்ப் பெரியோரையே நோக்கிக் கூறிய துணிவு நம்மை வியக்க வைக்கின்றது. அப்பொழுது அவருக்கு வயது இருபத்தேழு!

கடிதத்தோடு நின்றாரல்லர். மனைவியார் எதெல் கைவினைஞரைப் படம்பிடிக்க, இவர் அவர்தம் தொழில்முறைகளை எழுதினார். அந்நூல் வில்லியம் மொறிஸ் பயன்படுத்திய கையச்சியந்திரத்தில், இவர் வீட்டிலேயே, 1907 செப்டெம்பர் முதல் 1908 டிசெம்பர் வரை அச்சாயிற்று, 425 பிரதிகள். புசல்லாவையிலிருந்து கம்பளை வழியாகக் கண்டிக்குச் செல்லும் நம் இளைஞர், எம்பெக்கே தேவாலயத்து மரத்தூண்களை ஒருமுறை நின்று பார்த்தல் வேண்டும். அங்கே எழுந்தருளியிருப்பவர் கதிர்காமக் கடவுளே.

1917இல் பொஸ்ரன் நுண்கலைக் காட்சிச்சாலையிற் பணியேற்றார். முப்பது ஆண்டுகள் அங்கிருந்து உலகெங்குமுள்ள அறிஞருக்கும் கலைஞருக்கும் ஓயாது எழுதினார். சிற்பி எரிக் கில் அவர்களுள் ஒருவர். தம் சுயசரிதையை எழுதுமாறு கேட்டோர்க்கெல்லாம் மறுத்துவிட்டார். தனிமனிதர் புகழ் பேசுதல் நம் மரபுக்கு ஒவ்வாதது என்பது அவர் கொள்கை. அப்படிப்பட்டவரின் கடிதங்களைப் பிறர் புரட்டலாமோ என்று நமக்கும் ஓர் ஐயம் எழத்தான் செய்கின்றது. ஆயினும், அவர் மறைத்த மனிதரைக் காண வேறு வழி ஏது? நம் பாட்டன்மார்க்குத் திருச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த கடிதங்களை லயத்துக் காம்பிரா அடுப்பில் எரித்துவிட்ட நாம் இதனை நன்குணர்வோம்.

அவர் கடிதங்கள் அமெரிக்காவிற் பிறின்ஸ்ரன் பல்கலைக்கழக நூலகத்திற் பாதுகாக்கப்பட்டுள்ளன. தெரிந்தெடுத்த ஒரு தொகுதி 1988இல் நூலாக வெளிவந்தது. அதன் பதிப்பாசிரியர் இருவருள் ஒருவர் அவருடைய மகனார்.

எழுபதாவது பிறந்தநாள் விருந்தில், பாரதத்திற்குத் திரும்பி இமயச்சாரலில் ஒதுங்கி வாழப்போவதாக அறிவித்தார். பதினெட்டே நாளில், 1947 செப்டெம்பர் 9ஆந் திகதி, பொஸ்ரனை அடுத்த நீடமில் தம் இல்லத்திற் காலமானார்.