பயிற்சியால் உயர்ந்த ஓவியர் வின்சென்ட் வான்கோ

கலை பிறவியிலேயே வாய்க்கும் வரம் என்று கூறுவோர் உளர். அது குலத்தோடு வருவது என்று கூறிப் பிறரை அதன் அருகில் அணுகவிடாமல் தடுத்தோரும் உளர். சித்திரம் கைப்பழக்கத்தால் வருவது என்பதை நன்கறிந்த தமிழ் மக்களிடையேயும் இவ்வெண்ணங்கள் நெடுங்காலம் வேரூன்றி நின்றன. இவற்றுக்கு மறுப்பாக அமைந்த வாழ்க்கைகள் பல. அவற்றுள் ஒன்று, ஆலந்து நாட்டு ஓவியர் வின்சென்ட் வான்கோவின் வாழ்க்கை.

சூரியகாந்தி மலர்களையும், விண்மீன்கள் சுழலும் இரவு வானையும் தீட்டியவர் என இப்பெருமகனாரை உலகம் அறியும். அவ்வோவியங்களைத் தீட்டிய கை, அதற்கு முன் எத்தனை ஆண்டுகள் கரித்துண்டும் பென்சிலும் பிடித்துப் பாடுபட்டது என்பதை அறிந்தோர் சிலரே. அந்தப் பாட்டின் வரலாற்றையே நாம் ஈண்டுக் கூற விழைகின்றோம்.

இளமையும் அலைச்சலும்

வின்சென்ட் 1853 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 30 ஆம் நாள், ஆலந்தின் தென்பகுதியிலுள்ள சுண்டர்ட் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் கிறித்தவ சமயப் போதகர். தாயார் ஓய்வு நேரத்தில் படம் வரையும் பழக்கம் உடையவர். தந்தையின் உடன்பிறந்தாருள் சிலர் ஓவிய வணிகர். ஆகவே படங்களைக் காணும் வாய்ப்பு அவருக்கு இளமையிலேயே இருந்தது. ஆயினும், இப்பிள்ளை ஓவியனாவான் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை.

16 ஆம் வயதில், 1869 இல், கூப்பில் என்னும் ஓவிய வணிக நிறுவனத்தின் ஹேக் நகரக் கிளையில் பணியில் அமர்ந்தார். லண்டனிலும் பாரிசிலும் பணியாற்றிய பின் 1876 இல் அவ்வேலையை இழந்தார். இங்கிலாந்தில் சிறிது காலம் ஆசிரியப் பணி, பின்னர்ப் புத்தகக் கடையில் எழுத்தர் பணி, அதன்பின் சமயக் கல்விக்கான ஆயத்தம் என ஒன்றன்பின் ஒன்றாக முயன்றார். ஒன்றும் நிலைக்கவில்லை.

1878 இறுதியில், பெல்ஜிய நாட்டின் போரினாஜ் என்னும் நிலக்கரிச் சுரங்கப் பகுதிக்குச் சமயப் பணியாளராகச் சென்றார். இருளில் இறங்கி உழைத்து, கரி படிந்த முகத்தோடு வெளிவரும் மக்களின் வறுமையைக் கண்டார். தம் உடைகளைப் பிறர்க்கு அளித்தார். அம்மக்களைப் போலவே எளிய குடிலில் வைக்கோல்மீது படுத்துறங்கினார். அவரை அனுப்பியவர்கள் இதனை மிகை எனக் கருதினர். 1879 இல் அவருடைய பணி நீட்டிக்கப்படவில்லை.

வேலையில்லை, பொருளில்லை, வீட்டாரின் நம்பிக்கையும் இல்லை. இந்நிலையில்தான் 1880 ஆம் ஆண்டு, தம் 27 ஆம் வயதில், ஓவியமே தம் தொழில் என்று அவர் முடிவு செய்தார். முதியவர் ஒருவர் அரிச்சுவடியைக் கையில் எடுப்பது போன்ற செயல் இது.

அரிச்சுவடி

அரிச்சுவடி என்று நாம் கூறுவது வெறும் உவமையன்று. சார்ல்சு பார்க் என்னும் பிரெஞ்சு ஓவியர் மாணவர்க்கென வரைந்த மாதிரிப் படத்தாள்கள் அக்காலத்தில் வழங்கின. முதலில் நேர்கோடுகளால் உருவத்தின் எல்லையை அளந்து குறித்தல், பின் வளைவுகளைத் திருத்துதல், அதன்பின் நிழலை நிரப்புதல் என்னும் முறையில் அவை அமைந்தவை. வின்சென்ட் அவற்றை இரவலாகப் பெற்றார்.

கூசம் என்னும் ஊரில், சுரங்கத் தொழிலாளர் ஒருவர் வீட்டில், அவ்வீட்டுப் பிள்ளைகளும் உறங்கிய ஒரு சிற்றறையே அவருடைய கலைக்கூடம். அங்கிருந்து கொண்டு, கரித்துண்டுப் பயிற்சிக்கென அமைந்த 60 படத்தாள்களையும் பார்த்துப் பார்த்து வரைந்தார். முடித்தபின் மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார். உழவரை வரைந்து புகழ்பெற்ற மில்லே என்னும் ஓவியரின் படங்களையும், விதைப்பவன் முதலாகப் பலமுறை படியெடுத்தார்.

1880 இறுதியில் பிரசல்சு நகருக்குச் சென்று உடற்கூற்றையும், அண்மையிலுள்ளது பெரிதாகவும் தொலைவிலுள்ளது சிறிதாகவும் தோன்றும் விதியையும் நூல்களின் வழியே கற்றார். 1881 இல் எட்டன் என்னும் ஊரில் பெற்றோருடன் தங்கி, மண் வெட்டுவோர், விதைப்போர், துடைப்பம் ஏந்திய பெண்கள் ஆகியோரை நேரில் நிறுத்தி வரையலானார். மண் வெட்டும் ஒருவரையே பல நிலைகளில், பலமுறை வரைந்தார். அக்காலத்துப் படங்களை இன்று காண்போர், விறைத்த கைகளையும், பொருந்தாத கால்களையும் காணலாம். அப்படங்களை அவர் பிழையென்று ஒதுக்கி வைத்துவிட்டு, அடுத்த தாளை எடுத்தார். இதுவே நாம் அவரிடம் கற்க வேண்டிய முதற்பாடம்.

ஹேக் நகரில்

1881 இறுதியில் ஹேக் நகருக்குச் சென்று, உறவினரும் புகழ்பெற்ற ஓவியருமான அன்டன் மாவேயிடம் நீர்வண்ணமும் எண்ணெய் வண்ணமும் பயின்றார். சாந்தில் வார்த்த உருவங்களைப் பார்த்து வரையுமாறு மாவே பணித்தபோது, உயிருள்ள மனிதரையே வரைவேன் என்று பிடிவாதம் கொண்டார். சினத்தில் அவ்வுருவங்களை உடைத்தும் விட்டார். ஆசிரியர், மாணவர் உறவு அத்துடன் தளர்ந்தது.

எனினும் உழைப்புத் தளரவில்லை. 1882 இல் தச்சரையும் கொல்லரையும் கொண்டு ஒரு சட்டம் செய்வித்தார். சட்டத்தின் நடுவே நூல்கள் நேராகவும் குறுக்காகவும் மூலைக்கு மூலையாகவும் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். கடற்கரை மணலிலும் வயலிலும் அதனை ஊன்றி, நூல்களினூடே காட்சியைக் கண்டு, தாளிலும் அதே கோடுகளை இட்டு அளவு பிழையாமல் வரைந்தார். கண் தானே அளக்கக் கற்கும் வரை, இக்கருவி அவருக்கு ஊன்றுகோலாயிற்று.

முதியோர் இல்லத்து ஏழை முதியவரைச் சிறு கூலி கொடுத்து அமரச் செய்து வரைந்தார். ஆங்கிலச் செய்தி இதழ்களில் வந்த மரச்செதுக்கு அச்சுப் படங்களை நூற்றுக்கணக்கில் திரட்டி, கறுப்பு வெள்ளையில் வறியோர் வாழ்வை எவ்வாறு காட்டுவது என ஆராய்ந்தார். தச்சர் பயன்படுத்தும் தடித்த பென்சிலால் அழுத்தி வரைந்து, பென்சிலின் பளபளப்பு நீங்கப் பால் கலந்த நீரைப் படத்தின்மீது ஊற்றினார். விலையுயர்ந்த கருவிகளுக்காக அவர் காத்திருக்கவில்லை.

உருளைக்கிழங்கு உண்போர்

1883 இறுதியில் நூனென் என்னும் ஊரை அடைந்தார். அங்கு நெசவாளர் குடில்களில் தறியருகே அமர்ந்து, தறியின் ஒவ்வொரு மரத்தையும் உற்றுநோக்கி வரைந்தார். 1884-85 குளிர்காலத்தில் உழவர் குடும்பத்தினரின் முகங்களை நாற்பதுக்கும் மேற்பட்ட படங்களில் தீட்டினார். கைகளைத் தனியே வரைந்து பழகினார். இவற்றின் விளைவே 1885 இல் தோன்றிய உருளைக்கிழங்கு உண்போர் என்னும் ஓவியம். மங்கிய விளக்கொளியில், மண்ணைக் கிளறிய அதே கைகளால் தம் உணவை எடுத்துண்ணும் ஐவரை அதில் காண்கிறோம்.

அதன் கல்லச்சுப் படியைக் கண்ட நண்பர் ராப்பார்ட், உருவங்கள் பிழையானவை என்று கடுமையாகச் சாடினார். வின்சென்ட் சினந்தார், நட்பு முறிந்தது. ஆனால் அவ்வாண்டுக் கோடையில் அவர் செய்ததை நாம் கருத வேண்டும். புறக்கோட்டிலிருந்து தொடங்காமல், உருவத்தின் நடுவிலிருந்து திரட்சியைக் கட்டியெழுப்பும் முறையை நூலொன்றில் கற்று, அறுவடை செய்வோரையும் கதிர் பொறுக்கும் பெண்களையும் பெரிய தாள்களில் வரைந்து தள்ளினார். அவ்வுருவங்களில் முதுகு வளைகிறது. இடுப்பு சுமை தாங்குகிறது. கால் நிலத்தில் ஊன்றுகிறது. சாடலுக்கு வாயால் விடையிறுத்ததைவிடக் கையால் விடையிறுத்ததே நிலைத்தது.

1886 தொடக்கத்தில் ஆண்ட்வெர்ப் கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஒருகாலத்தில் தாம் உடைத்த சாந்து உருவங்களையே பகலிலும் மாலையிலும் அமர்ந்து வரைந்தார். அங்குள்ள ஆசிரியர்கள் அவருடைய வரைமுறையை ஏற்கவில்லை. தொடக்க வகுப்புக்கு அவரை இறக்க வேண்டும் என்று முடிவு செய்தனர். அம்முடிவு வருமுன்னரே அவர் பாரிசை அடைந்துவிட்டார். அங்கும் கோர்மோன் என்பவரின் கலைக்கூடத்தில் சில திங்கள் மாணவராக இருந்தார்.

நாணற் பேனா

1888 பிப்ரவரியில் தென்பிரான்சின் ஆர்ல் நகரை அடைந்தார். அங்கு விளைந்த நாணலை வெட்டிக் கூர்செய்து பேனாவாக்கினார். நாணல் மையை நெடுநேரம் தாங்காது. கோடு குறுகியதாகவே வரும். அக்குறையையே அவர் வளமாக்கினார். புல்லுக்கு ஒரு கோடு, உழுத நிலத்துக்கு ஒரு கோடு, தொலைவயலுக்குப் புள்ளி என ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியை வகுத்தார். அவர் விரும்பிக் கற்ற சப்பானிய அச்சுப் படங்களும் இதற்குத் துணைநின்றன. அவ்வாண்டு சூலையில் மோன்மசூர் குன்றிலிருந்து வரைந்த காட்சிகளில் வண்ணமே இல்லை. மையால் இட்ட புள்ளியும் கோடும் மட்டுமே உள்ளன. ஆயினும் பரந்த வெளி முழுவதும் நம் கண்முன் விரிகின்றது. எட்டாண்டுகளுக்கு முன் விறைத்த கைகளை வரைந்த அதே கையின் படைப்பு அது.

பின்னர் நோய் அவரை வாட்டியது. 1889 மே திங்களில் சான்ரெமி மருத்துவமனையில் தாமே சென்று சேர்ந்தார். நோய் தணிந்த போதெல்லாம் வரைந்தார். 1890 இல் ஓவேர் என்னும் ஊருக்கு வந்தபின், பார்க் வரைந்த அந்தப் பழைய பயிற்சித்தாள்களைத் தம்பியிடம் கேட்டுப் பெற்று, மீண்டும் பார்த்து வரைந்தார். சூரியகாந்தியைத் தீட்டிய பின்னரும் அரிச்சுவடிக்குத் திரும்ப அவர் நாணவில்லை. அவ்வாண்டு சூலை 29 ஆம் நாள், தம் 37 ஆம் வயதில் மறைந்தார். பத்தாண்டுகளில் அவர் தந்து சென்றவை ஏறத்தாழ 900 வண்ண ஓவியங்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட வரைபடங்கள்.

தாங்கிய கை

இவ்வரலாற்றில் மற்றொருவரைக் கூறாது விடுவது அறமன்று. அவர் வின்சென்டின் தம்பி தியோ. நான்காண்டு இளையவர்; ஓவிய வணிக நிறுவனத்தில் ஊதியம் பெற்றவர். தம் ஊதியத்திலிருந்து மாதந்தோறும் 100 பிராங்கும், பின்னர் 150 பிராங்கும் அண்ணனுக்கு அனுப்பினார். தாளும் மையும் வண்ணமும் வாங்கித் தந்தார். ஓவியங்கள் விலைபோகாத காலத்திலும் அவர் கை நிற்கவில்லை. அண்ணன் மறைந்த ஆறு திங்களில், 1891 சனவரியில், அவரும் மறைந்தார். அதன்பின் தியோவின் மனைவி யோகன்னா அவ்வோவியங்களைக் காத்து, கடிதங்களை 1914 இல் நூலாக்கி, உலகம் அறியச் செய்தார். 1973 இல் ஆம்ஸ்டர்டாமில் வான்கோவுக்கென அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

பயிற்சியால் எவரும் திறம் பெறலாம் என்று கூறிவிட்டு நாம் அமைந்துவிடின் அது பாதி உண்மையே ஆகும். பயிற்சிக்குக் காலம் வேண்டும். அக்காலம் முழுவதும் பயில்வோனுக்கு உணவும் உறையுளும் வேண்டும். அவன் தாளைக் கெடுக்கும் நாட்களிலும் புதுத்தாள் வாங்கித் தர ஒருவர் வேண்டும். கல்விக் கழகங்கள் தோன்றுவது இதற்காகவே. தியோவைப் பெறாத பிள்ளைகளுக்குத் தியோவாக நிற்பதே அவற்றின் கடமை.

நம் மாணவ மாணவியர்க்கு ஒன்று கூறுவோம். முதற்படம் கோணலாக வரின் கலங்க வேண்டா. வான்கோவின் முதற்படமும் கோணலே. அதனைத் திருத்தும் வழி அடுத்த தாளில் இருக்கிறது. அத்தாளை உங்கள் கையில் தருவது எங்கள் பொறுப்பு. அதில் கோடிடுவது உங்கள் பொறுப்பு.